138-க்கு எதிரே 70: கிரின்னெல் – ஃபெயித் பாப்டிஸ்ட் ஆட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

2012 நவம்பர் 20, செவ்வாய்க்கிழமை இரவு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிரின்னெல் கல்லூரி ஆடவர் கூடைப்பந்து அணி, தன் சொந்த அரங்கில் ஃபெயித் பாப்டிஸ்ட் பைபிள் கல்லூரியை 179–104 என்று வென்றது. கிரின்னெல் வீரர் ஜாக் டெய்லர் மட்டும் 138 புள்ளிகள் எடுத்தார். முதல் பாதியில் 58, இரண்டாம் பாதியில் 80. என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் ஏடுகளில் அதுவரை இருந்த 113 என்ற சாதனை 58 ஆண்டுகளுக்குப் பிறகு விழுந்தது.

அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது. அதே ஸ்கோர் ஷீட்டின் மறுபக்கத்தில் ஃபெயித் பாப்டிஸ்ட் வீரர் டேவிட் லார்சன் 44 முறை எறிந்து 34 முறை கூடையில் போட்டு, 70 புள்ளிகள் எடுத்திருந்தார். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த 70-தான் தலைப்புச் செய்தி. அவர் அணியோ 75 புள்ளிகளில் தோற்றது. இந்த இரண்டு எண்களும் ஒரே ஆட்டத்தில் எப்படி வந்தன, தோற்ற அணி வேறு என்ன செய்திருக்கலாம், இப்படி ஒரு ஆட்டத்தை அட்டவணையில் போட்டிருக்க வேண்டுமா என்பவையே இங்கே ஆராயப்படுகின்றன. சிறிய கிறிஸ்தவக் கல்லூரிகளில் அணி நடத்துகிறவர்களுக்கு டெய்லரின் பக்கத்தைவிட லார்சனின் பக்கத்தில்தான் பாடம் அதிகம்.

இரண்டு கல்லூரிகள்

டெமாய்ன் நகரையொட்டி, ஃபெயித் பாப்டிஸ்ட் இருக்கும் ஆங்கெனியில் இருந்து கிரின்னெல் ஊருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார் பயணம். ஃபெயித் பாப்டிஸ்ட் 1921இல் ஒமாஹாவில் பைபிள் பயிற்சி நிலையமாகத் தொடங்கி, 1967இல் ஆங்கெனிக்கு வந்தது. சில நூறு மாணவர்கள்தான். போதகர்களையும் மிஷனரிகளையும் பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்குவதே அதன் வேலை.

கிரின்னெல்லுக்கும் கிறிஸ்தவ வேர் உண்டு. 1846இல் அதை நிறுவியவர்கள் காங்கிரிகேஷனல் சபையார். ஆனால் சபைத் தொடர்பு எப்போதோ விட்டுப்போய், இன்று அது மதச்சார்பற்ற, மிகத் தெரிந்தெடுத்து மாணவர்களைச் சேர்க்கிற கல்லூரி. ஏறத்தாழ 1,600 மாணவர்கள். அறக்கட்டளை நிதி 100 கோடி டாலரைத் தாண்டியது.

கிரின்னெல் இருப்பது என்சிஏஏவின் மூன்றாம் பிரிவில். அங்கே விளையாட்டுக்காக உதவித்தொகை தரக் கூடாது. ஃபெயித் பாப்டிஸ்ட் இருப்பது என்சிசிஏஏ எனப்படும் தேசியக் கிறிஸ்தவக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் இரண்டாம் பிரிவில். அங்கேயும் விளையாட்டு உதவித்தொகை இல்லை. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே தட்டு. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். உதவித்தொகை இல்லை என்பதால் பலம் சமமாகிவிடாது. ஒன்று நாடு முழுவதும் ஆள் தேடிப் பதினைந்து, பதினெட்டு பேரைப் பெஞ்சில் உட்கார வைக்கும். மற்றது வேதபாடம் படிக்க வந்தவர்களில் பந்து ஆடத் தெரிந்தவர்களைத் திரட்டும். ஊழியப் பயிற்சிக்கும் சபை ஆராதனைக்கும் போக மீதி நேரத்தில்தான் அவர்களுக்குப் பயிற்சி. காய்ச்சல், கணுக்கால் சுளுக்கு என்று இருவர் விழுந்தால் எட்டுப் பேரோடு ஆட வேண்டியிருக்கும்.

1968இல் தொடங்கிய என்சிசிஏஏ இப்படிப்பட்ட கல்லூரிகளுக்குத் தங்களுக்கு இணையானவர்களோடு மோதித் தேசியப் பட்டம் வெல்ல வழி செய்தது. அது தன் உறுப்பினர்களை இரண்டு பிரிவாக வைத்திருப்பதற்குக் காரணமும் இந்தப் பலவேறுபாடுதான். சிக்கல் அந்த வேலிக்கு வெளியே போய் ஆடும்போது வருகிறது. போகாமலும் இருக்க முடியாது: இணையான பைபிள் கல்லூரி பல மணி நேரத் தொலைவில் இருக்கும், பெரிய கல்லூரி பக்கத்து ஊரில் இருக்கும். பெட்ரோல் செலவும் மறுநாள் வகுப்பும் முடிவு செய்துவிடும்.

கிரின்னெல்லின் ஆட்டமுறை

1989இல் கிரின்னெல்லுக்கு வந்த பயிற்சியாளர் டேவிட் ஆர்சனோ, தோற்றுத் தோற்றுச் சோர்ந்திருந்த அணிக்காக வகுத்த முறை இது. அமெரிக்கக் கூடைப்பந்தில் ‘சிஸ்டம்’ என்றாலே இதைத்தான் குறிக்கும். ஒரு ஆட்டத்துக்கு அதன் இலக்குகள் ஐந்து: குறைந்தது 94 எறிதல், அதில் பாதி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து, தவறவிட்ட பந்துகளில் மூன்றில் ஒன்றைத் தாங்களே ரீபவுண்டாகப் பிடிப்பது, எதிரணியை 32 முறை பந்தை இழக்க வைப்பது, எதிரணியைவிட 25 எறிதல் கூடுதலாக எடுப்பது.

இதற்காக ஆட்டம் முழுக்க, மைதானத்தின் 94 அடி நீளத்துக்கும் நெருக்கிப் பிடிக்கும் பிரஸ் போடுவார்கள். பந்து கிடைத்த 12 விநாடிக்குள் எறிந்துவிடுவார்கள். ஐந்து பேரும் மொத்தமாக மாறுவார்கள், பனி ஹாக்கியில் மாறுவதுபோல. ஒரு குழு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் களத்தில் இருக்கும். மூச்சு வாங்கும் முன் அடுத்த குழு வந்துவிடும்.

இந்த முறை தெரிந்தே ஒன்றை விட்டுக்கொடுக்கிறது. பிரஸ்ஸை உடைத்து வருகிறவருக்குக் கூடைக்கு அடியில் இருந்து போடும் எளிய லே-அப் கிடைக்கும். அதைத் தடுக்க அவர்கள் உயிரைக் கொடுப்பதில்லை. எதிரணி 30 விநாடி பந்தைச் சுற்றி ஆடுவதைவிட, எட்டு விநாடியில் இரண்டு புள்ளி எடுத்துவிட்டுப் பந்தைத் திருப்பித் தருவதே அவர்களுக்கு லாபம்.

சாதாரண நாளில் இந்த முறைக்கு ஒரு நல்ல முகமும் உண்டு. ஐந்து பேர், 40 நிமிடம் என்றால் மொத்தம் 200 வீரர்-நிமிடங்கள். அதைப் பதினைந்து பேருக்குப் பிரித்தால் தலைக்குப் பதின்மூன்று நிமிடம் கிடைக்கும். எல்லாருக்கும் ஆட்டம், எல்லாருக்கும் பந்து. ஆனால் அந்த நவம்பர் இரவில் டெய்லர் 36 நிமிடம் களத்தில் இருந்தார். பருவத் தொடக்க ஆட்டங்களில் அவர் எறிதல் சரியாக அமையவில்லை. அதைச் சீராக்க அவருக்கே பந்தைக் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. மற்றவர்கள் காவலர்களின் வழியை மறித்து அவருக்குத் திரை போட்டார்கள், ரீபவுண்டை மீண்டும் அவரிடமே தள்ளினார்கள். எல்லாருக்கும் பந்து என்ற முறை, ஒருவருக்கே பந்து என்று தலைகீழானது. சிஸ்டத்தின் மேல் வைக்கப்படும் குறைகளில் பல நியாயமற்றவை. இது நியாயமானது.

ஸ்கோர் ஷீட்டைக் கையில் எடுத்தால்

டெய்லர் 108 முறை எறிந்தார், 52 விழுந்தன. அதில் மூன்று புள்ளி எறிதல் 71, விழுந்தவை 27. எதிரணி விதி மீறியதற்காகத் தடையின்றி எறியும், ஒரு புள்ளி மதிப்புள்ள ஃப்ரீ த்ரோ பத்தில் ஏழு. அதாவது மூன்று புள்ளிக் கூடைகளில் 81, இரண்டு புள்ளிக் கூடைகளில் 50, ஃப்ரீ த்ரோவில் 7, மொத்தம் 138. 36 நிமிடத்தில் 108 எறிதல் என்றால் 20 விநாடிக்கு ஒன்று. எதிரணி பந்தோடு இருந்த நேரத்தையும் சேர்த்தே இந்தக் கணக்கு. கிரின்னெல்லின் மற்ற அத்தனை பேரும் சேர்ந்து எடுத்தது 41.

இப்போது ஒரு எறிதலுக்குக் கிடைத்த புள்ளியைப் பாருங்கள். ஃப்ரீ த்ரோவை விட்டால் டெய்லர் 108 எறிதலில் 131 எடுத்தார்: எறிதல் ஒன்றுக்கு 1.21. லார்சனின் 34 கூடைகளும் இரண்டு புள்ளிக் கூடைகள் என்றே வைத்துக்கொண்டாலும் 44 எறிதலில் 68: எறிதல் ஒன்றுக்கு 1.55. சாதனை படைத்தவரைவிடத் தோற்ற அணியின் வீரர் திறமாக எறிந்திருக்கிறார்.

அப்படியானால் 75 புள்ளி வித்தியாசம் எங்கிருந்து வந்தது? எறியவே முடியாமல் போன முறைகளிலிருந்து. அரைக்கோட்டைத் தாண்டும் முன்பே பறிபோன பந்துகளுக்குச் சதவீதப் பத்தியில் இடம் கிடையாது. ஆட்டம் முடிந்து ஷீட்டைப் பார்க்கும் பயிற்சியாளர் “நன்றாகத்தானே எறிந்தோம்” என்று நினைத்தால் அடுத்த ஆட்டத்திலும் இதே கதைதான். பிரஸ் அணியிடம் தோற்றால் முதலில் பார்க்க வேண்டியது இழந்த பந்துகளின் பத்தி, பிறகு எதிரணியின் மொத்த எறிதல்கள்.

பந்தை உள்ளே கொண்டுவரும் பதினைந்து விநாடி

கூடை விழுந்ததும் பந்தை, கூடைக்குப் பின்னுள்ள எல்லைக் கோடான எண்ட்லைனுக்கு வெளியே எடுத்து ஐந்து விநாடிக்குள் உள்ளே கொடுக்க வேண்டும். உள்ளே வந்தபின் பத்து விநாடிக்குள் அரைக்கோட்டைத் தாண்ட வேண்டும். பிரஸ் அணியின் பிழைப்பு முழுவதும் இந்தப் பதினைந்து விநாடிக்குள்தான்.

சிறிய அணிகள் செய்யும் முதல் தவறு, நன்றாகப் பந்து தட்டத் தெரிந்த கார்டையே, அதாவது பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரரையே, வெளியிலிருந்து கொடுக்கச் சொல்வது. கொடுப்பவர் உயரமானவராக, எதிரே நிற்பவரின் கைகளுக்கு மேலே பார்க்கக் கூடியவராக இருக்க வேண்டும். கூடை விழுந்தபின் கொடுப்பவர் எண்ட்லைன் நெடுக ஓடலாம் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டடி நகர்ந்தாலே கோணம் திறக்கும்.

இரண்டு கார்டுகள் ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஒருவர் பின் ஒருவராக நின்று, ஒரே நேரத்தில் எதிரெதிர்ப் பக்கம் வெட்டி ஓட வேண்டும். நாலாமவர் மைய வட்டத்தில். ஐந்தாமவர் எதிர்க் கூடைக்கு அருகே. அவர் அங்கே நிற்பதாலேயே பிரஸ் போடுகிறவர்களில் ஒருவர் பின்னுக்கு இழுக்கப்படுவார்.

முதல் பாஸை மூலையில் வாங்கக் கூடாது. மூலையில் இரண்டு கோடுகளே இரண்டு காவலர்கள். மேலும் இருவர் வந்தால் கதை முடிந்தது. பந்து கைக்கு வந்ததும் உடனே தரையில் தட்டவும் கூடாது. பிடி, காலை ஊன்றித் திரும்பு, மைதானத்தைப் பார். இரண்டாவது ஆள் கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்துதான் வருவார். தட்டத் தொடங்கியவர் அவரைக் கண்டதும் பந்தைக் கையில் எடுத்துவிடுவார். எடுத்தபின் மீண்டும் தட்ட முடியாது. இரண்டாவது பாஸ் மைய வட்டத்து ஆளுக்கு, நேராக, நெஞ்சு உயரத்தில் போக வேண்டும். தூக்கிப்போட்ட பாஸ் காற்றில் மிதக்கும் நேரத்தில் மூன்றாவது காவலர் வந்து எடுத்துக்கொள்வார். மையம் அடைபட்டிருந்தால், பந்தை உள்ளே கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்பவரிடமே திருப்பி மறுபக்கம் மாற்றலாம். அந்தப் பின்பாஸ்தான் அதிகம் மறக்கப்படுவது.

பயிற்சியில் ஐந்து பேருக்கு எதிரே ஏழு பேரை நிறுத்திப் பழக வேண்டும். பத்துப் பேர் மட்டுமே உள்ள அணிக்கு அது முடியாது. இந்த இடத்தில் பெண்கள் அணிப் பயிற்சியாளரையும் முன்னாள் மாணவர்களையும் கூப்பிட்டு நிறுத்துகிற கல்லூரிகள் பிழைத்துக்கொள்கின்றன. ஓடிக் களைத்தபின் இதைச் செய்து பார்ப்பது இன்னும் அவசியம். கால் தளர்ந்தவர் கொடுக்கும் பாஸ் ஓரடி குறைவாக விழும். பிரஸ் அணி காத்திருப்பது அந்த ஓரடிக்காகத்தான்.

லே-அப்பை எடுப்பதா, விடுவதா

எளிய லே-அப்பை மறுப்பது எந்த வீரனுக்கும் இயல்பாக வராது. லார்சனின் 34 கூடைகளில் தவறென்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் அணியின் கணக்கு வேறு.

கிரின்னெல் 12 விநாடியும் எதிரணி 8 விநாடியும் எடுத்தால், ஒரு சுற்றுக்கு 20 விநாடி. 2,400 விநாடி ஆட்டத்தில் 120 சுற்றுகள். எதிரணி 28 விநாடி எடுத்தால் சுற்றுக்கு 40; மொத்தம் 60 சுற்றுகள்தான். அப்போது ஆடவர் கல்லூரி ஆட்டத்தில் எறிவதற்கான காலக்கெடுவான ஷாட் கடிகாரம் 35 விநாடி; ஆக 28 என்பது விதிக்குள் அடங்கியதே. ஒரு சுற்றுக்கான நஷ்டம் அதேதான் என்று வைத்தாலும் சுற்றுகள் பாதியானால் தோல்வியின் வித்தியாசமும் பாதியாகும். டெய்லர் போன்றவருக்குக் கிடைக்கும் எறிதல்களும் பாதியாகும்.

இதற்கு விலையும் உண்டு. லே-அப்பை விட்டுப் பந்தை வெளியே இழுத்தால் ஓடிவந்த காவலர்கள் மீண்டும் பொறி வைப்பார்கள். களைத்த எட்டுப் பேர் 28 விநாடி பந்தைக் காப்பதும் லேசல்ல. எங்கள் கணிப்பு இது: இரண்டு பேருக்கு எதிரே ஒரே காவலர் இருந்தால் லே-அப்பை எடுக்கட்டும், மற்ற எல்லா நேரத்திலும் பந்து வெளியே வரட்டும், 15 விநாடி கழியும்வரை எவரும் எறிய வேண்டாம். எதிரணி தவறு செய்து ஃப்ரீ த்ரோ கிடைத்தால் நடந்து போகட்டும். கடிகாரம் நிற்கும், மூச்சு திரும்பும். டைம்-அவுட்டுகளைக் கடைசிக்குச் சேமிக்காமல், முதல் பாதியிலேயே எதிரணி தொடர்ந்து எட்டுப் புள்ளி எடுத்த உடனே ஒன்றைச் செலவழிக்கலாம்.

ஒரே ஆள் எறிகிறார் என்று தெரிந்தபின் அவர்மேல் இருவரைப் போடலாம், மற்றவர்கள் எறியட்டும். அந்த இரவு மற்றவர்கள் எடுத்தது 41தான் என்பதை நினைத்தால் இது ஆசை காட்டும் வழி. ஆனால் திரைகளைச் சுற்றி 36 நிமிடம் ஒருவரைத் துரத்த மூன்று நான்கு பேர் மாறி மாறி வேண்டும். ஆள் இல்லாத அணிக்கு இதுவே கடைசித் தேர்வு.

எந்த ஆட்டம் கணக்கில் சேரும்

விழுந்த 113 யாருடையது என்று பார்த்தால் மீண்டும் சிறிய கிறிஸ்தவக் கல்லூரிகளின் வாசலுக்கே வருகிறோம். ஒஹையோ மாநிலத்தின் ரையோ கிராண்ட் கல்லூரி 1876இல் ஃப்ரீவில் பாப்டிஸ்ட் சபையாரால் தொடங்கப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் நூறு மாணவர்கூட இல்லாமல் மூடும் நிலையில் இருந்தது. நியூட் ஆலிவர் என்ற பயிற்சியாளர் ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ள பெவோ ஃபிரான்சிஸை அழைத்துவந்தார். 1952–53 பருவத்தில் அணி 39 ஆட்டங்களையும் வென்றது. 1953 ஜனவரி 9 அன்று, ஈராண்டுப் படிப்பு மட்டுமே உள்ள ஆஷ்லண்ட் ஜூனியர் கல்லூரிக்கு எதிரே ஃபிரான்சிஸ் 116 புள்ளிகள் எடுத்தார்.

பெரிய கல்லூரிகள் முணுமுணுத்தன. நான்காண்டுப் பட்டம் தரும் கல்லூரிகளோடு ஆடியவை மட்டுமே சாதனைக் கணக்கில் சேரும் என்று முடிவாகி, 39 ஆட்டங்களில் 27 நீக்கப்பட்டன, 116-உம் போனது. ஆலிவர் அடுத்த பருவத்தில் அணியைப் பெரிய அரங்குகளுக்கு அழைத்துப்போனார். வில்லனோவாவிடம் ஒரே புள்ளியில் தோற்றார்கள். பிராவிடன்ஸையும் வேக் ஃபாரஸ்டையும் வென்றார்கள். 1954 பிப்ரவரி 2 அன்று, ஹில்ஸ்டேல் கல்லூரிக்கு எதிரே ஃபிரான்சிஸ் 113 எடுத்தார்: 38 கூடை, 37 ஃப்ரீ த்ரோ. மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலம். ஹில்ஸ்டேலும் ஃப்ரீவில் பாப்டிஸ்டுகள் நிறுவியதே.

ஜூனியர் கல்லூரிகளை விலக்க வந்த அந்த விதி, பட்டம் தருகிறதா என்று கேட்கிறது; ஆட்ட பலம் என்ன என்று கேட்பதில்லை. பைபிள் கல்லூரி அங்கீகாரம் பெற்று நான்காண்டுப் பட்டம் தருகிறது. ஆக 138 விதிப்படி முழுமையாகச் செல்லும். அதைச் சாதனை ஏட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்று நாங்கள் வாதாடவில்லை. ஃபிரான்சிஸின் அணி கணக்கில் சேருவதற்காக வலிய எதிரிகளைத் தேடிப் போனது. 138-க்கு அந்தத் தேவை எழவில்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் எண் முழுமையாகும்.

கூடைப்பந்தே கிறிஸ்தவ நிறுவனத்தில் பிறந்த ஆட்டம்: 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில், இறையியல் படித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதை உருவாக்கினார். சென்னையில் 1920இல் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். உடலும் மனமும் ஆவியும் சேர்ந்து வளர வேண்டும் என்பது அந்த வழியின் அடிப்படை எண்ணம். 75 புள்ளி வித்தியாச ஆட்டம் அந்த எண்ணத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் உதவவில்லை.

அட்டவணை

2011 நவம்பரில் கிரின்னெல்லின் கிரிஃபின் லென்ச் 89 புள்ளி எடுத்தது கிறிஸ்டியன் சயன்ஸ் மரபைச் சேர்ந்த பிரின்சிபியா கல்லூரிக்கு எதிரே. 2013 நவம்பர் 17 அன்று டெய்லர் மீண்டும் 109 எடுத்தார், 173–123. எதிரே நின்றது மின்னசோட்டாவின் கிராஸ்ரோட்ஸ் கல்லூரி, அதுவும் பைபிள் கல்லூரி, 2016இல் மூடப்பட்டுவிட்டது. மூன்று நவம்பர்கள், மூன்று சிறிய சமயக் கல்லூரிகள்.

நவம்பர் என்பதற்குக் காரணம் எளிது. லீக் ஆட்டங்கள் தொடங்கும் முன் பெரிய கல்லூரிக்குச் சொந்த அரங்கில் சில ஆட்டங்கள் தேவை. மூன்றாம் பிரிவில் தேசியப் போட்டிக்கான தேர்வு, அதே பிரிவு அணிகளோடு ஆடியதை வைத்தே நடக்கிறது. பைபிள் கல்லூரியிடம் வென்றால் தேர்வுக்கு லாபமில்லை. ஆக அது பயிற்சி ஆட்டம்போலவே அட்டவணையில் ஏறுகிறது. ஆனால் தனிநபர் புள்ளி மட்டும் முழுச் சாதனையாகப் பதிவாகிறது. இந்த இடைவெளிதான் கோளாறு.

சிறிய கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் இதைக் கோடைக் காலத்திலேயே அடைக்கலாம். ஒப்பந்தத்தில் தேதி, நடுவர் கட்டணம், பயணச் செலவுக்கு எதிரணி தரும் தொகை, ரத்தானால் ஈடு ஆகியவை வழக்கமாகவே இருக்கும். அதோடு, இது பருவ ஆட்டமா, கண்காட்சி ஆட்டமா என்பதையும் எழுத வேண்டும். கண்காட்சி ஆட்டம் என்றால் புள்ளிவிவரம் சாதனைக் கணக்கில் சேராது. இரண்டு பக்கத்தாரும் நிம்மதியாக எல்லாரையும் இறக்கலாம். எதிரணி மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். எதிரணியின் முந்தைய பருவ ஆட்டங்களைப் பார்த்து ஒரு ஆட்டத்துக்கு எத்தனை எறிதல் எடுக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். 90-க்கு மேல் போனால் தன் அணியில் ஆடத் தகுந்தவர் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கிறார்களா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தேதியில் நான்கு மணி நேரம் தள்ளியிருக்கும் இன்னொரு பைபிள் கல்லூரிக்குப் போய்வர வேன் வாடகை எவ்வளவு என்று விசாரிப்பது நல்லது.